மூடும் முன் கூப்பிடு

வேலை நடக்கும் இடத்தில் அந்த அம்மாளுக்கு வைத்திருந்த பேர் 'அங்குலம்'. முகத்துக்கு நேரே சொல்ல ஒருத்தருக்கும் துணிச்சல் கிடையாது, முதுகுக்குப் பின்னால்தான். ஒப்பந்தக்காரர் முடித்த வேலையை அளந்து, இதற்கு இவ்வளவு மதிப்பு என்று முதலாளி தரப்புக்குச் சொல்வது அவள் வேலை. 'இது வரைபடத்தில் இல்லாத கூடுதல் வேலை', 'இந்தத் தாமதம் என் தப்பில்லை' என்று ஒப்பந்தக்காரர் கோரிக்கை வைத்தால், நிஜமா, காதில் பூச்சுற்றுகிறாரா என்று பார்ப்பதும் அவள்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். ஓர் அங்குலம் கூட்டியும் போட மாட்டாள், குறைத்தும் போட மாட்டாள். திட்டாத ஒப்பந்தக்காரர் கிடையாது. ஆனால் அவள் பொய் எழுதினாள் என்று யாராவது சொல்லட்டும் பார்க்கலாம், நாக்கு அழுகிவிடும்.

அவளோடு வருஷக்கணக்காக மல்லுக்கு நின்ற ஒப்பந்தக்காரருக்குப் பேர் 'புலம்பல்'. அப்படி ஒரு மனிதர். மழை பெய்தால் வேலை நின்றதென்று கோரிக்கை. பெய்யாவிட்டால் தூசிக்குத் தண்ணீர் தெளித்ததற்குக் கோரிக்கை. ஒரு தடவை முதலாளி வீட்டு நாய் ஈரக் கான்கிரீட்டில் ஒய்யாரமாக நடந்து போய்விட்டது. தரையைத் திரும்பப் பூசினேன் என்று அதற்கும் ஒரு கோரிக்கை, கால் தடத்தைப் படம் பிடித்து ஒட்டி! ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது. அங்குலம் மட்டும் சிரிக்காமல் படித்துவிட்டு, "நாய் முதலாளி தரப்பு. நியாயம்தான்" என்று ஒத்துக்கொண்டாள்.

இருவருக்கும் எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாது. ஒரு விதியில் மட்டும் சண்டையே வந்ததில்லை: மூடும் முன் கூப்பிடு. மண்ணுக்குள் போகிற வேலையை மூடிவிட்டால், அடியில் என்ன இருக்கிறது என்று யார் கண்டது? அதனால் கான்கிரீட் போடுமுன் அவளைக் கூப்பிட வேண்டும். அவள் குழிக்குள் இறங்கி டேப்பின் அடி நுனியைப் பிடிப்பாள், புலம்பல் மேலே பிடிப்பார். அவள் அளவைச் சொல்வாள். அவர், "இன்னும் ரெண்டு அங்குலம் இருக்கு மேடம், நல்லா அடியில அழுத்திப் பிடிங்க" என்பார். அவள், "ஒரு நூல்கூடக் கிடையாது" என்பாள். கூப்பிடாமல் மூடிய வேலை, செய்யாத வேலை. சல்லிக்காசு கிடையாது.

இப்படி இருக்கும்போதுதான் அவள் புருஷன் இறந்துபோனார். மருந்துக்கடை வைத்திருந்தவர். காலையில் கடையைத் திறக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. பாதி ஏறிய ஷட்டரைப் பக்கத்துக் கடைக்காரர்தான் இறக்கிப் பூட்டினார்.

அவள் அழவில்லை. நெஞ்சழுத்தக்காரி என்று சொந்தத்தில் ரெண்டு பேர் முணுமுணுத்தார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், இவர்களுக்கு என்ன தெரியும்! அவளுக்கு எல்லாமே மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் யாருடையதோ மாதிரி இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி. சாப்பிட்டாள், தூங்கினாள், சீக்கிரமே வேலைக்கும் போனாள். தேநீரை ஊற்றி வைத்துவிட்டு மறந்துபோவாள். ஆறிப்போனதை மகள் எடுத்துக் கொட்டுவாள்.

ஒரே ஒரு காரியம் அவளால் முடியவில்லை. அவர் இறந்துவிட்டதைச் சொல்லும் அந்த ஒரு வாக்கியம் வாயில் வரவில்லை. பாங்கிலிருந்து கூப்பிட்டால், "அவர் இப்போ இல்லைங்க" என்பாள். "சரிங்க, அப்புறம் கூப்பிடறோம்" என்று அவர்கள் மறுபடியும் கூப்பிடுவார்கள். எல்லாரையும்விட மோசம் தையல்காரர். புருஷன் அவரிடம் ஒரு சட்டை தைக்கக் கொடுத்திருந்தார்.

"அம்மா, சார் சட்டை ரெடியா இருக்குங்க."

"வருவார். வந்து வாங்கிப்பார்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளுக்குப் பகீரென்றது. "அம்மா! அவர்கிட்டயாவது சொல்லித் தொலையேன். இல்ல, நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம். நான் சொல்லிக்கிறேன்."

சொல்லவில்லை. தையல்காரரும் விடுவதாயில்லை.

நாலைந்து மாதம் ஓடியது. வேலை முடிந்து கடைசிக் கணக்கு வந்தது. புலம்பலின் கோரிக்கைகள் வழக்கம்போல ஒரு கட்டு. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவளுக்கு ஓரிடத்தில் உதைத்தது. தண்ணீர்த் தொட்டியின் அஸ்திவாரத்துக்கு, வரைபடத்தில் இருப்பதைவிட எக்கச்சக்கமாகக் கான்கிரீட் வண்டிகள் உள்ளே வந்திருந்தன. அதற்குக் கோரிக்கையே இல்லை. நாய்க் காலுக்குக் காசு கேட்ட மனிதர் இவ்வளவு கான்கிரீட்டை எப்படி விட்டார்? வண்டிகள் வந்த தேதியைப் பார்த்தாள். பார்த்தும் அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

நேரே அவருடைய தகரக் கொட்டகைக்குப் போனாள். வழியில் அவருடைய மண் தோண்டும் மெஷின் நின்றது. அவருக்கென்று இருப்பது அது ஒன்றுதான். அதன் கழுத்தில் 'விற்பனைக்கு' என்று ஓர் அட்டை தொங்கியது.

"எங்கே போச்சு இவ்வளவு கான்கிரீட்? வெளியில வித்துட்டீங்களா?"

"வித்தேன்னே வச்சுக்குங்க மேடம்."

"நீங்க புலம்பாம பேசும்போதுதான் எனக்குச் சந்தேகமே வருது. ஒழுங்கா சொல்லுங்க."

அவர் தலைக்கவசத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "வடக்கு மூலையில தோண்டத் தோண்டக் களிமண்ணு. கெட்டித் தரை வரவே இல்ல. ஆள் உயரத்துக்குக் கூடுதலா இறங்க வேண்டியதாப் போச்சு. மெஷினை விக்கிற நிலைமைக்கு வந்ததே அதாலதான்."

"ஏன் என்னைக் கூப்பிடல? மூடும் முன் கூப்பிடணும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"வந்தேன் மேடம்." அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஆபீஸ் பூட்டியிருந்துச்சு. மழை கட்டிக்கிட்டு நிக்குது. குழி சரிஞ்சா உள்ள ஆளுங்க இருக்காங்க. எனக்கு வந்த கோபத்துக்கு, விடக்கூடாதுன்னு உங்க வீட்டுக்கே வந்தேன். வாசல் பூரா செருப்பு. உங்க ஆபீஸ் ஆளுங்க மொத்தப் பேரும் வெளியில நிக்கிறாங்க. ஜன்னல் வழியா உங்களைப் பார்த்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? திரும்பிப் போய் மூடிட்டேன்."

கொட்டகைக்குள் மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் கையிலிருந்த வண்டிக் கணக்கில் அந்தத் தேதியை மறுபடியும் பார்த்தாள்.

"பிறகாவது எழுதிக் கொடுத்திருக்கலாமே?"

"என்னன்னு எழுதறது மேடம்? ஏன் கூப்பிடலன்னு காரணம் கேப்பீங்க. உங்க வீட்டுச் சாவை எழுதச் சொல்றீங்களா? நாய்க் காலைக் காட்டிக் காசு கேட்டவன்தான் நான். அதுக்காக இதையுமா?"

"சரி" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள். அழுகை வரும் என்று மெஷின் பக்கத்தில் நின்று காத்திருந்தாள். வரவில்லை. அட்டையைத் திருப்பி வைத்தாள். காற்றில் அது மறுபடியும் திரும்பிக்கொண்டது.

அடுத்த கணக்குக் கூட்டத்தில் அந்த விஷயத்தை அவளே எடுத்து வைத்தாள். அஸ்திவாரத்தின் பக்கவாட்டில் தோண்டினால் உள்ளே எவ்வளவு ஆழம் என்று தெரிந்துவிடும், அதற்கு முதலாளி தரப்பு சம்மதம் தர வேண்டும் என்றாள். ஆபீஸ்காரர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒப்பந்தக்காரரே கேட்காததை இந்த அம்மா ஏன் இழுத்துப் போட்டுக்கொள்கிறாள்? முதலாளி தரப்பு மேனேஜர் புதிதாக வந்தவர். கெட்ட மனிதர் இல்லை, 'முடியாது' என்று சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

"கூப்பிடாம மூடினா அதுக்கு மதிப்பு இல்லைங்கிறதுதானே விதி? ஏன் கூப்பிடலன்னு தகுந்த காரணம் இருந்தா சொல்லுங்க, தோண்டிப் பார்க்கலாம். இல்லன்னா அடுத்த விஷயத்துக்குப் போவோம்." புலம்பலைப் பார்த்தார்.

காரணம் சொல்வதில் மன்னன் அந்த மனிதர். தலையைக் குனிந்துகொண்டு, "காரணம் ஒண்ணும் இல்ல சார். என் தப்பு. விட்டுடுங்க" என்றார். கூட்டமே அவரை வெறித்துப் பார்த்தது.

"அன்னிக்கு நான் ஆபீஸ்ல இல்ல" என்றாள் அவள்.

"உங்களுக்குப் பதிலா வேற யாராவது இருந்திருப்பாங்களே மேடம்?"

"யாரும் இல்ல. பூட்டியிருந்துச்சு."

"வேலை நாள்ல எப்படிங்க பூட்டும்?"

மேஜையைச் சுற்றியிருந்த அவளுடைய ஆபீஸ்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. புலம்பல் மெல்ல, "வேண்டாம் மேடம், எனக்கு எதுவும் வேண்டாம்" என்றார். அவளுக்கு மெஷின் கழுத்தில் தொங்கிய அட்டை ஞாபகம் வந்தது.

"அன்னிக்கு என் புருஷன் செத்துட்டார்" என்றாள், அளவு படிக்கிற அதே குரலில். "எல்லாரும் என் வீட்ல இருந்தாங்க. இவர் என்னைக் கூப்பிட வாசல் வரைக்கும் வந்து, கூப்பிடாம திரும்பிப் போயிட்டார். காரணம் அதுதான்."

மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். "தோண்டிப் பாருங்க மேடம்" என்றார்.

புலம்பலின் மெஷினேதான் தோண்டியது, கழுத்தில் அட்டையோடு. பழைய மாதிரியே அவள் ஏணியில் இறங்கி அடி நுனியைப் பிடித்தாள், அவர் மேல் நுனியைப் பிடித்தார். கான்கிரீட் அவர் சொன்ன ஆழத்துக்கு இறங்கியிருந்தது. அவள் அளவைப் படித்தாள்.

"சரிங்க மேடம்" என்றார் அவர்.

அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. எத்தனையோ நாள் கழித்து முதல் கோபம். "என்ன சரிங்க மேடம்? என்மேல பரிதாபமா? எப்பவும் போல சண்டை போடுங்க!"

அவர் மேலே நுனியை மாற்றிப் பிடித்தார். பிறகு, "டேப் அடியைத் தொடவே இல்ல மேடம். நல்லா அழுத்திப் பிடிச்சா இன்னும் ரெண்டு அங்குலம் வரும்" என்றார்.

"ஒரு நூல்கூடக் கிடையாது!" என்று குழி அதிரக் கத்தினாள்.

அப்போது பையில் போன் அடித்தது. ஒரு கையால் டேப்பை அழுத்திக்கொண்டே எடுத்தாள். தையல்காரர்.

"அம்மா, கோச்சுக்காதீங்க, சார் சட்டை அப்படியே கிடக்கு..."

"அவர் வர மாட்டாருங்க. செத்துட்டார். நான் வந்து வாங்கிக்கிறேன்."

அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தம் நின்றது. "ஐயையோ... எனக்குத் தெரியாதேம்மா. தெரியாம இத்தனை தடவை கூப்பிட்டுட்டேனே." தயங்கித் தயங்கிக் கேட்டார். "சாரோட அளவு எங்கிட்ட நோட்டுல இருக்குங்க. வச்சிருக்கவா, அடிச்சிடவா?"

"அடிக்காதீங்க" என்று சொல்ல வாயெடுத்தாள். பாதியிலேயே உடைந்தது. ஈரமண் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு, வாய்விட்டு, ஊருக்கே கேட்கும்படி அழுதாள். போன் கையிலிருந்து நழுவிச் சேற்றில் விழுந்தது. டேப்பின் அடி நுனியை மட்டும் அவள் விடவில்லை. மேலே புலம்பல் மெஷினை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினார். ஆட்களை அந்தப் பக்கம் போகச் சொன்னார். பிறகு டேப்பின் மறு நுனியைப் பிடித்தபடி, அவள் அழுது முடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்றார்.