சுருள் விழாத கார்டு

பேட்டையில் என் பட்டறைக்கு வருகிறவர்கள் முதலில் தரையைப் பார்க்க வேண்டும். லேத் மெஷினில் இரும்பைக் கடையும்போது சுருள் சுருளாகச் சீவி விழும். எந்த மெஷினுக்குக் கீழே சுருள் குவிந்து கிடக்கிறதோ அது சோறு போடுகிற மெஷின். ஒரு ஆயுதபூஜையிலிருந்து அடுத்த ஆயுதபூஜை வரைக்கும் சுருள் விழாமல் ஒரு மெஷின் நின்றால் அதை விற்றுவிடுவேன். அது எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி, வெளிநாட்டில் செய்ததாக இருந்தாலும் சரி. அஞ்சாம் வகுப்போடு படிப்பை விட்டு, அடுத்தவன் பட்டறையில் அரம் பிடித்து ராவிய நான் இன்றைக்குச் சொந்த இடத்தில் சொந்த மெஷின்களோடு நிற்கிறேன் என்றால் இந்த ஒரு விதிதான் காரணம். பட்டம் வாங்கியவர்கள் பலர் என்னிடம் இதைக் கேட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அப்படிப்பட்டவனுக்கு ஒரு கார்டு தண்ணி காட்டிவிட்டது.

பேங்கிலிருந்து டை கட்டிய தம்பி ஒருவர் பட்டறைக்கே வந்தார். நகைக்கடைப் பெட்டி மாதிரி ஒரு பெட்டி. உள்ளே வெல்வெட்டில் கறுப்புக் கார்டு. பிளாஸ்டிக் இல்லை, உலோகம். கையில் எடுத்ததுமே எடை தெரிந்தது. விளிம்பைத் தடவிப் பார்த்தேன், பிசிறு இல்லாத வேலை.

“ஐயா, இது எல்லாருக்கும் குடுக்குறதில்ல. ஐயா மாதிரி ஆளுங்களுக்கு மட்டுந்தான்.”

சும்மா சொல்லக்கூடாது, உண்மையைத்தான் சொன்னார். முதல் வருடம் இலவசம். அடுத்த வருடத்திலிருந்து கட்ட வேண்டிய தொகைக்கு ஒரு புது டிரில்லிங் மெஷினே வாங்கிவிடலாம். வாங்கியதை மாதா மாதம் முழுசாக அடைத்துவிட வேண்டும், பாக்கி இழுக்கிற பேச்சே கிடையாது. அது எனக்குப் பிடித்தது. கடன் வைத்துத் தின்றவன் இல்லை நான்.

ஆனால் கையெழுத்துப் போட வைத்தது அதில்லை. ஏர்போர்ட்டுகளில் இந்தக் கார்டுக்காரர்களுக்கு என்று தனியாகக் குளிர் அறை, மெத்தை நாற்காலி, சாப்பாடு எல்லாம் உண்டு என்றார் அவர். எனக்கு உடனே என் வீட்டுக்காரியின் மூட்டு ஞாபகம் வந்தது.

எங்கள் ஒரே மகள் புனேயில் இருக்கிறாள். தூத்துக்குடியில் ஏறி, சென்னையில் இறங்கி, வேறு விமானம் மாற வேண்டும். கார்டு வருவதற்கு முன்னால் போன தடவை சென்னையில் நடந்த நடையில் இவளுக்கு இரண்டு முழங்காலும் வீங்கிப்போய், “இனிமே என்னைய பிளேன்ல ஏறச் சொல்லாதீங்க” என்று முடித்துவிட்டாள். கார்டு வாங்கிச் சில மாதம் கழித்து மகளுக்கு இரண்டாவது பேறு என்று செய்தி வந்தது, நாள் தை மாதம். டாக்டர் அவளைப் பயணம் செய்யக்கூடாது என்றுவிட்டார். தாய்தான் போயாக வேண்டும். மகள் போனில் அழுகிறாள், இவள் முழங்காலைத் தடவிக்கொண்டு இருக்கிறாள். ரயிலில் போகலாம் என்றால் அவ்வளவு நேரம் காலை மடக்கி உட்கார முடியாது.

“ஐப்பசியில ஒருதரம் போயிட்டு வருவோம். நல்லா இருந்தா தைக்கு நீ போ. இல்லன்னா நான் கேக்க மாட்டேன்” என்றேன். கார்டின் இலவச வருடமும் ஐப்பசியோடு முடிகிறது. இரண்டுக்கும் ஒரே சோதனையாகப் போகட்டும் என்று நினைத்தேன்.

அந்த ஒரு வருடத்தில் கார்டை நான் ஓட்டாமல் இல்லை. எனக்கு இரும்பு போடுகிறவர் காயல்பட்டினத்துக்காரர். என்னோடு சேர்ந்து வளர்ந்த வியாபாரம் அவருடையது. அவர் கடையில் பெருமையாகக் கார்டை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கி, திருப்பி, காதோரம் வைத்துச் சுண்டிப் பார்த்தார்.

“தேய்க்கலாம் வே. ஆனா ரெண்டு சதவீதம் ஏத்தித்தான் போடுவேன். பேங்க்காரன் எங்கிட்ட புடிக்கான்லா?”

“பாயிண்ட் கிடைக்கும் பாய்.”

“பாயிண்ட நீரு வச்சுக்கிடும். ரூவாய எனக்குத் தாரும்.”

வார்ப்படம் ஊற்றுகிறவரும் அப்படித்தான், வெல்டிங்காரரும் அப்படித்தான். பேட்டையில் கார்டு ஓடவில்லை. டீசலுக்கும் கரண்ட் பில்லுக்கும் தேய்த்துச் சேர்ந்த பாயிண்டில் ஒரு சூட்கேஸ் வந்தது. பீரோ மேல் இருக்கிறது.

ஆயுதபூஜை அன்று மெஷின்களுக்கெல்லாம் மாலை போட்டு, அளவுக்கோல், ஸ்பானர் வரிசையோடு கார்டையும் வைத்தேன். அதுவும் ஒரு கருவிதானே. வீட்டுக்காரி ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குழைத்து வைத்து, மேலே குங்குமம் வைத்துக்கொண்டே வந்தாள். கார்டில் தங்க நிறத்தில் சின்னக் கட்டம் ஒன்று இருந்தது. பொட்டு வைக்க அளவெடுத்தது போல இருக்கிறது என்று அதன் மேலேயே அழுத்தி வைத்துவிட்டாள். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பொருத்தமாகத்தான் இருந்தது.

ஐப்பசியில் கிளம்பினோம். வல்லநாட்டுப் பாலத்தில் கார் ஏறும்போது ஆற்றைப் பார்த்துக் கும்பிட்டாள். மூட்டுக்கு வேண்டிக்கொண்டாளா மகளுக்கா என்று நான் கேட்கவில்லை.

சென்னையில் அந்த அறையைத் தேடி நடந்ததே பெரிய நடை. வாசலில் மேசை போட்டு ஒரு பெண் இருந்தது. கார்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, நாலு பேர் பார்க்கட்டும் என்று மெதுவாகத்தான் நீட்டினேன். சொருகிப் பார்த்தது. எடுத்துத் துடைத்து மறுபடியும் சொருகியது.

“கார்டு ரீட் ஆகல சார்.”

“நல்லாப் போடும்மா. இது சாதாரணக் கார்டு இல்ல.”

“சிப் மேல என்னமோ மஞ்சளா காஞ்சு ஒட்டிட்டிருக்கு சார்.”

பின்னால் வரிசை நீண்டது. வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

“அய்யய்ய, அது நான் வச்ச பொட்டுல்லா! இங்கன குடு தாயி.” தண்ணீர் பாட்டிலைத் திறந்து முந்தானை நுனியை நனைத்து, குத்துவிளக்குத் துடைக்கிற மாதிரி துடைத்துக் கொடுத்தாள். கார்டு வேலை செய்தது. வரிசையில் சிரித்தவர்களைப் பார்த்து, “சாமி கும்பிட்ட கார்டு” என்றேன். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

உள்ளே போய் அவளை மெத்தை நாற்காலியில் உட்கார வைத்தேன். இதுக்குத்தானே இத்தனை பாடு. இட்லி, உப்புமா, பழம் என்று தட்டு நிறைய எடுத்துக்கொண்டு வந்தேன். அவள் முகம் சரியில்லை.

“என்னட்டி?”

“உரலுக்குள்ள விழுந்த மாதிரி இருக்கு. முழங்கால் நெஞ்சுக்கு வருது. எப்படி எந்திரிக்கப் போறேன்?”

அப்போதுதான் நான் நாற்காலியைப் பார்த்தேன். பார்க்க வேண்டியவன் பார்க்கவில்லை. இரும்பில் ஒரு நூல் அளவு பிசகினால்கூடக் கையால் தடவித் தெரிந்துகொள்கிற நான், என் பெண்டாட்டி முழங்கால் உயரத்துக்கு அந்த இருக்கை எவ்வளவு தாழ்வு என்று ஒரு கணம் யோசிக்கவில்லை. மூட்டு வலிக்கு மெத்தை வேண்டியதில்லை, உயரம் வேண்டும். தட்டு எடுக்க வந்த ஆளும் நானும் ஆளுக்கொரு கை பிடித்துத் தூக்கினோம். “பைய, பைய” என்று அவள் சொன்னது அறை முழுக்கக் கேட்டது.

வெளியே வந்து, விமானம் ஏறுகிற வாசலுக்குப் பக்கத்தில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். நேராக, சௌகரியமாக உட்கார்ந்தாள். அந்த நேரத்தில் அவள் வயதுள்ள ஒரு அம்மாளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். மடியில் கைப்பை, முகத்தில் ஒரு நோவும் இல்லை. இவள் அந்த வண்டி திரும்பி மறைகிற வரைக்கும் பார்த்தாள்.

“ஏங்க, அந்த வண்டிக்கு என்ன கார்டு வேணும்?”

அது ஆஸ்பத்திரிக் கேசுகளுக்கு உள்ளது என்று நினைத்திருந்தேன். எழுந்து போய், இன்னொரு வண்டி தள்ளிக்கொண்டு வந்தவரிடம் கேட்டேன்.

“கார்டெல்லாம் வேணாங்க. டிக்கெட் போடும்போதே சொல்லிட்டா போதும். காசு கிடையாது.”

திரும்பி வரும்போது சொல்லித்தான் டிக்கெட் போட்டேன். புனேயிலும் சென்னையிலும் அவளை உட்கார வைத்தே கொண்டுபோனார்கள். வரிசைகளெல்லாம் ஒதுங்கி வழிவிட்டன. நான் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் ஓட வேண்டியதாயிற்று. “சப்பரத்துல வாற மாதிரில்லா இருக்கு. நீங்க தீவட்டி புடிக்கிறவரு” என்றாள். வெகுகாலம் கழித்து அவள் அப்படிச் சிரித்தாள். அந்த அறை வாசலைத் தாண்டித்தான் போனோம். கார்டு பையில்தான் இருந்தது. இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை. விமானம் ஏறுகிற வாசல் பக்கத்தில் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம்.

ஊருக்கு வந்த பிறகு பேங்க் தம்பி பேசினார். கார்டு வேண்டாம் என்றேன். அவருக்கு வருத்தம்.

“ஐயாவுக்காகப் பாதிக் கட்டணத்துக்குப் பேசி வாங்கித் தாரேன்.”

“தம்பி, ஓடாத மெஷினப் பாதி வெலைக்குத் தந்தாலும் எடத்த அடைக்கும்லா?”

சரிங்கய்யா என்றார் அவர். அந்தக் கார்டு மோசமானது என்று நான் சொல்லவில்லை. வாரம் ஒருமுறை பறக்கிறவன், பெரிய ஓட்டலில் தங்குகிறவன் கையில் அதற்குக் கீழே சுருள் குவியலாம். என் கையில் குவியவில்லை. நல்ல மெஷின், எனக்கு வேலையில்லாத மெஷின். அது கையில் கனமாக இருந்ததும், எனக்கு மட்டும்தான் என்று சொன்னதும்தான் ஒரு வருடம் என்னைக் கணக்குப் பார்க்க விடாமல் வைத்திருந்தன. கணக்குப் பார்க்கத் தெரியாதவன் இல்லை நான்.

தை பிறந்ததும் அவள் புனேக்குக் கிளம்பினாள். எனக்கும் சேர்த்து டிக்கெட் போடப் போனேன். “நீங்க எதுக்கு? பட்டறையப் பாருங்க. என்னையத்தான் உக்கார வச்சுக் கொண்டுபோறாங்கல்லா” என்றுவிட்டாள். தூத்துக்குடி வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, பட்டறைக்கு வந்தும் மெஷினில் மனம் நிற்கவில்லை. மத்தியானம் போன் வந்தது.

“சென்னையில மாறி உக்காந்துட்டேன். வண்டி தள்ளுத பிள்ளைக்கு ஆழ்வார்திருநகரியாம், நம்ம பக்கந்தான். முறுக்கு குடுத்தேன், வாங்க மாட்டேன்னுச்சு, மடியில போட்டுவிட்டேன்.”

“முழங்கால் எப்படி இருக்கு?”

“அதா? மறந்தே போச்சு” என்றாள்.