பறக்கும் அண்டாவில் வந்தவர்

சுருக்குப்பையைக் கொம்பில் மாட்டிவிட்டுத்தான் கொளஞ்சியம்மாள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவார். கொம்பு என்றால் சைக்கிள் சக்கரக் கம்பி. நுனியில் ஒரு பிளாஸ்டிக் பந்து. தலையில் கவிழ்த்த கிண்ணத்திலிருந்து அப்படி இரண்டு கம்பிகள் ஆடிக்கொண்டிருக்கும். முகம், கழுத்து, கை, கால் எல்லாம் வெள்ளி. தேங்காய் எண்ணெயில் குழைத்த அலுமினியத் தூள். உடம்பில் ஜிகினாக் காகிதம் ஒட்டிய சாக்கு அங்கி. உலகத்தைப் பிடிக்க அவருடைய படை கோமுகி அணைக்கரையில் இறங்கியிருக்கும். அவரோ, "இன்னா பாக்கு வாங்கியாந்தானுங்க, கல்லாட்டம் கீது" என்று குறைப்பட்டுக்கொண்டிருப்பார்.

படத்தின் பெயர் 'பறக்கும் அண்டா'. பழைய கறுப்பு வெள்ளை ராக்கெட் படங்களைக் கேலி செய்து எடுப்பதாக உதவி இயக்குநர் செழியன் விளக்கினார். எங்களில் ஒருவரும் அந்தப் பழைய படங்களைப் பார்த்ததில்லை. கல்யாணச் சோறு ஆக்கும் இரண்டு அண்டாக்களை வாயோடு வாய் வைத்துக் கட்டி, சைக்கிள் டைனமோ விளக்கைச் சுற்றிலும் பொருத்தினால் விண்கலம். மூட்டைப்பூச்சி மருந்தடிக்கும் பம்பு அவர்களுடைய துப்பாக்கி. "உங்கள் தலைவரிடம் எங்களை அழைத்துப் போ" என்று வேற்றுக் கிரகத்தார் மிரட்டுவார்கள். "எந்தக் கட்சித் தலைவரு?" என்று ஊர்க்காரர் கேட்பார். படையெடுப்பு அதோடு குழம்பிவிடும்.

நான் அந்தக் குழுவுக்குப் பாத்திரம் கழுவப் போயிருந்தேன். சாம்பலைத் தொட்டுத் தேய்த்துக்கொண்டே பார்த்தவைதான் இவை.

கொளஞ்சியம்மாளைச் சினிமாக்காரர்கள் பிடித்துப்போனது உயரத்துக்காக. ஆறடிக்கு இரண்டு விரற்கடைதான் கம்மி. கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்துக் காலனியில் வீடு. கரும்பு வெட்டுவது தொழில். மற்றவர்கள் குனிந்து ஒரு வெட்டு, நிமிர்ந்து ஒரு வெட்டு என்று போவார்கள்; அவர் நின்ற வாக்கில் தோகையைக் கழித்துவிட்டு, ஒரே குனிதலில் அடியை வெட்டிச் சாய்ப்பார். வேலை நேரத்தில் கரும்போடு பேசுவார். "வளஞ்சிக்கினு நிக்காத, நேரா நில்லு" என்று அதட்டுவார். கணவர் இறந்து ஆறு வருஷம். இரண்டு பெண்கள். மூத்தவள் பாப்பாத்தியைக் கட்டியவர் கரும்பு வெட்ட மைசூர்ப் பக்கம் போயிருந்தார். இளையவள் ஆண்டாளுக்கு அப்போது எட்டு வயது.

படம் போன வருஷம் எங்கள் பக்கத்துக் கொட்டகைக்கு வந்து மூன்று நாள் ஓடியது. தரை டிக்கெட்டில் உட்கார்ந்து பார்த்த கொளஞ்சியம்மாளுக்கு முடிவு பிடிக்கவில்லை. "கடைசியில எங்கள எல்லாம் அண்டாவுல ஏத்தி தொரத்திட்டானுங்களே, இது இன்னா ஞாயம்?" என்று கொட்டகைக்காரரிடமே கேட்டார்.

நான் சொல்ல வந்தது எண்பத்தேழாம் வருஷம் புரட்டாசி பிறந்த சமயம். இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல். இரவோடு இரவாகப் புளிய மரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்திருந்தார்கள். மறியலில் நின்றவர்கள் எங்கள் ஊர்த்தெரு ஆட்கள், என் சொந்தக்காரர்கள். வேறு பக்கங்களில் காலனி வீடுகள் எரிகின்றன என்று பேச்சு வந்ததிலிருந்து காலனி ஜனம் சாலைப் பக்கம் தலைகாட்டவில்லை. அணைக்கரையில் இருந்த படக்குழு மட்டும், வெளியே போகவும் வழியில்லாமல், படம் எடுத்துக்கொண்டே இருந்தது.

இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்கு, கள்ளக்குறிச்சி வரை மறியல்காரர்களுக்குப் பால் ஊற்றிவிட்டுத் திரும்பிய பால்காரர் சைக்கிளை நிறுத்தினார். முந்தின வாரமே பாப்பாத்தியைக் பிரசவத்துக்காகக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். துணைக்கு இருந்த பக்கத்து வீட்டு ரங்கம்மாள் அவரிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்: குழந்தை குறுக்கே கிடக்கிறது, வயிற்றைக் கிழித்து எடுக்க வேண்டும், சொந்தக்காரர் யாராவது வந்து கைநாட்டு வைக்க வேண்டும்.

வேஷம் போட்டு முடித்த நேரம். மேக்கப்காரர் பதறி எண்ணெய்ப் புட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "சீக்கிரம் அழிச்சிட்டுக் கிளம்பும்மா."

"வோணாங்க. இருக்கட்டும்."

"இப்படியேவா போவே?"

"இப்படியேதாங்க. இத்த அழிச்சா நான் கொளஞ்சி. கொளஞ்சிய அந்த ரோட்டுல எவன் வுடுவான்?"

அவர் என் பக்கம் திரும்பினார். "ம்மா, நீங்க கூட வரீங்களா? நான் வாயத் தொறந்தா கண்டுக்குவாங்க. நான் ஊமை. நீங்கதான் பேசணும்." இன்னது பேச வேண்டும் என்று அவரே சொல்லியும் கொடுத்தார். கையிலிருந்த சாம்பலைக்கூடக் கழுவாமல் அவர் பின்னால் நடந்தேன். அவர் வைக்கும் ஓர் எட்டு எனக்கு இரண்டு எட்டு.

முதல் மரத்தருகே என் பெரியப்பா மகன் சின்னராசு நின்றிருந்தான். "இன்னா புள்ள, இது யாரு?" என்றான்.

"சினிமாக்காரங்கண்ணே. பூசுனது ஒத்துக்கல, ஒடம்பெல்லாம் எரியுதாம். டவுனு ஆசுபத்திரிக்கு இட்டுக்கினு போறேன்."

"மெட்ராசா?"

"ம்."

"யப்பா, மெட்ராசுல இம்மா ஒசரமா கீறாங்க!" அவன் சுற்றி வந்து பார்த்தான். முந்தின மாதம் வரை இதே பெண்மணியைக் கரும்புக் கொல்லையில் "ஏ ஒட்டகம்" என்று கூப்பிட்டவன் அவன். "ரோட்டுல வர்ற வண்டியத்தான் மறிக்கச் சொன்னாங்க. வானத்துலேந்து வர்றத ஒண்ணும் சொல்லல. போங்க, போங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த மரம் பெரியது. லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. அங்கே இளவட்டங்கள் அதிகம். எங்களைக் கண்டதும் விசில் பறந்தது. ஒருவன் மரத்தின்மேல் ஏறி நின்று கேட்டான்: "ஏ மேலோகம்! நீங்க வந்து இந்த நாட்டப் புடிச்சா எங்களுக்கு எத்தினி சதவீதம் குடுப்பீங்க?"

இதற்கு எனக்குப் பதில் சொல்லித் தரப்படவில்லை. கொளஞ்சியம்மாள் பத்து விரல்களையும் விரித்துக் காட்டினார். மூடினார். மறுபடி விரித்தார்.

"இருபது! இருபதுடா! மேலோகமே ஒத்துக்கிச்சி, மெட்ராசு ஒத்துக்கல!"

கத்திக்கொண்டே ஆறேழு பேர் அவரைத் தூக்கிவிட்டார்கள். கூலி நெல்லை மடியில் படாமல் மேலிருந்து கொட்டும் வீட்டுப் பிள்ளை ஒருவன், அவருடைய பாதத்தைத் தன் தோளில் தாங்கியிருந்தான். மரத்துக்கு அந்தப் பக்கம் பூப்போல இறக்கிவிட்டார்கள். அவர்கள் சட்டையெல்லாம் வெள்ளி.

லாரிகளைக் கடந்து ஆளில்லாத இடம் வந்த பிறகுதான் கொளஞ்சியம்மாள் பேசினார். "நாப்பத்தஞ்சு வருசத்துல என்னியத் தூக்குனது இதான் மொத தடவம்மா. செத்தாத்தான் தூக்குவாங்கன்னு இருந்தேன்."

"இருபதுன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"ஆறு மாசமா எங்க கொல்லையாண்டதான் கத்திக்கினு போறாங்க. எங்களுக்கும் காது கீதும்மா."

கடைசி மரம் கள்ளக்குறிச்சிக்கு முன்னால். அங்கே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் அரங்கநாதன். கொளஞ்சியம்மாள் பதினைந்து வருஷமாகக் கரும்பு வெட்டுவது அவர் நிலத்தில்தான். சொல்லிக் கொடுத்ததைத் தடுமாறிச் சொல்லி முடித்தேன். "பாவம், வெயில்ல வந்துகீறாங்க, தண்ணி குடுங்கடா" என்றவர், தாமே சொம்பை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினார்.

கொளஞ்சியம்மாளின் கைகள் சொம்பை வாங்க நீளவில்லை. இரண்டும் சேர்ந்து குவிந்து, தாமாக வாய்க்குப் போயின. முதுகும் கூடவே வளைந்தது.

அப்படித் தண்ணீர் குடிக்கிறவர்கள் யார் என்று எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். செய்த பிழை கொளஞ்சியம்மாளுக்கும் அந்தக் கணமே தெரிந்துவிட்டது. ஆனால் கைகளை இறக்க முடியவில்லை. அரங்கநாதன் அந்தக் கைகளைப் பார்த்தார். வெள்ளிப் பூச்சுக்குள்ளும் தெரிந்த கரும்புத் தோகைக் கீறல்களைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"அவங்க லோகத்துல இப்படித்தான் குடிப்பாங்களாட்டம் கீது!" என்று பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான்.

அரங்கநாதன் சிரிக்கவில்லை. சொம்பை ஒரு முழம் உயர்த்தினார். ஒரு சொட்டு மேலே தெறிக்காமல், வழக்கமாக ஊற்றுகிற உயரத்திலிருந்து, அந்தக் கைகளில் ஊற்றினார். குடித்து முடிக்கும் வரை ஊற்றினார். "வாயத் தொறக்காத. போ" என்றார், எங்கள் இருவருக்கு மட்டும் கேட்கும்படி.

அவர் காப்பாற்றினாரா, எச்சரித்தாரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கொளஞ்சியம்மாளிடம் கேட்டதற்கு, "தண்ணி நல்லா ஜில்லுனு இருந்திச்சி" என்று மட்டும் சொன்னார்.

பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தோம். பிரசவ வார்டே அலறியது. ஒரு நர்ஸ் தட்டைக் கீழே போட்டார். வலியில் புரண்டுகொண்டிருந்த பாப்பாத்தி ஒரு கணம் வலியை மறந்து, "எம்மோவ், இன்னாம்மா வேசம் இது!" என்று அழுதாள். "படையெடுத்து வந்துகீறேன்டீ, பயப்படாத" என்றார் அம்மா. நீட்டிய தாளில் கட்டை விரலை வைத்தார். மை பாதி, வெள்ளி பாதியாக ரேகை விழுந்தது.

ஒரு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள். நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்து வந்து, கொளஞ்சியம்மாளைப் பார்த்ததும் தயங்கினார். எண்ணெய்ப் புட்டியும் பழந்துணியும் கொண்டுவரச் சொன்னார். கொளஞ்சியம்மாள் விரல் நுனியிலிருந்து முழங்கை வரை, நகக்கண் உட்பட, பொறுமையாகத் துடைத்தார். கறுத்த கைகள் வெளியே வந்தன. அந்தக் கைகளில் குழந்தையை வாங்கி, அங்கி மேலே படாமல் தள்ளிப் பிடித்து, வெகுநேரம் பார்த்தார். பிறகு ரங்கம்மாளிடம் கொடுத்தார்.

"மூஞ்சியையும் தொடச்சிக்கோம்மா, எண்ணெ இருக்குதே" என்றார் நர்ஸ்.

"இல்லீங்க. பெரிசு பொழச்சிட்டா. சின்னது காலனில தனியா கீது. இருட்டறதுக்குள்ள போய்ச் சேரணும்."

வெளியே சாலையில் கோஷம் கேட்டது. கொளஞ்சியம்மாள் ஜன்னல் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு கழுத்திலிருந்தும் கெண்டைக்காலிலிருந்தும் வெள்ளியை வழித்து வழித்து எடுத்து, துடைத்த கைகளில், தோல் கொஞ்சமும் தெரியாதபடி, திரும்பப் பூசத் தொடங்கினார்.