நான்காம் குடுவை

சைகோனில் சண்டை நெருங்கிக்கொண்டிருந்த காலம். வீட்டில் மின்சாரம் வருவதே அபூர்வம். காலையில் அரைத்த இட்லி மாவு சாயங்காலத்துக்குள் புளித்துப் பொங்கிவிடும். நான் வேலை பார்த்த நுண்ணுயிர் ஆய்வகத்தில் மட்டும் ஜெனரேட்டர் இருந்தது.

"ஒங்க ஆய்வகத்துல பிரிட்ஜ் சும்மாதானே கெடக்கு? ஒரு ஓரத்துல வச்சிட்டு வாயேன்டி" என்றார் அம்மா. காரைக்காலிலிருந்து இவ்வளவு தூரம் வந்தும் அதிகாரம் குறையவில்லை.

எங்கள் ஆய்வகத்தில் பெயர் எழுதாத குடுவை எதுவானாலும் கொதிநீராவியில் போட்டு அழித்துவிடுவார்கள். கரும்புப் பாகைப் புளிக்கவைத்து லாக்டிக் அமிலம் தரும் பாக்டீரியாவைத் தேடுவது என் வேலை. சைகோனுக்குப் பக்கத்தில் குச்சி என்ற வட்டாரத்தின் வயல்மண்ணிலிருந்து மூன்று வகைகளைப் பிரித்து, அரிசிக் கஞ்சியில் வளர்த்து வைத்திருந்தேன். மாவை ஒரு குடுவையில் ஊற்றி, கூசாமல் 'குச்சி–4' என்று எழுதி அவற்றின் பக்கத்தில் வைத்தேன். பார்வைக்கு நான்கும் ஒன்றுதான்.

நான் காய்ச்சலில் படுத்திருந்த இரண்டு நாளில், பிரெஞ்சுப் பேராசிரியர் நான்கையும் பாகில் சேர்த்துச் சோதித்துவிட்டார். திரும்பி வந்தால் மனிதர் துள்ளிக் குதிக்கிறார். என் மூன்று வகைகளும் மண்ணைக் கவ்வ, அம்மாவின் மாவு அமிலத்தைக் கொட்டியிருந்தது.

"எந்த வயல்?" என்று கேட்டார்.

"வாய்க்கால் ஓரம், முசியே" என்றேன். நாக்கு கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. பிரான்சில் முனைவர் படிப்புக்கு எனக்கான சிபாரிசுக் கடிதம் அவர் மேசையில் பாதி எழுதியபடி இருந்தது. அது கிடைக்காவிட்டால் நான் ஊரைவிட்டுக் கிளம்ப வழியே இல்லை. அன்றே எழுதி முடித்துக் கையெழுத்தும் போட்டார்.

மறுநாள் தொப்பியும் மண்வெட்டியுமாக வந்து நின்றார். ராணுவ வண்டியில் இடம் கேட்டிருந்தாராம். அதே வாய்க்கால் மண் வேண்டுமாம். குச்சிக்குப் போகும் சாலையில் முந்தின வாரம்தான் கண்ணிவெடியில் ஒரு பஸ் சிதறியிருந்தது.

"போகாதீர்கள். அது எங்கள் வீட்டு இட்லி மாவு" என்று உளறிவிட்டேன்.

இட்லி என்றால் என்னவென்று விளக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. புரிந்ததும் முகம் சிவக்கக் கடிதத்தை நான்காகக் கிழித்தார். நான் கழிவறையில் போய் அழுதேன்.

மூன்றாம் நாள் வேறொரு உறையை என்னிடம் நீட்டினார். உள்ளே நாலே வரி. 'இந்தப் பெண் இங்கிருந்து போவதற்காக என்னிடம் பொய் சொன்னாள். நான் சாகாமல் இருப்பதற்காக உண்மையைச் சொன்னாள். ஆய்வுக்கு இவளை நம்பலாம். குடுவைகளில் பெயர் எழுதும் வேலையை மட்டும் கொடுக்க வேண்டாம்.'

வீட்டில் அதைத் தமிழில் சொன்னேன்.

"மாவை அரைச்சது யாருன்னு ஒரு வார்த்தை எழுதலியே அந்த ஆளு!" என்று அம்மா சண்டைக்கு வந்தார். அப்புறம்தான் நான் போகப்போகிறேன் என்பது அவருக்கு உறைத்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.