டேக் ஓவர்

ஆன்லைன் இங்கிலீஷ் வகுப்பில், ‘டேக் ஓவர்’ என்றால் பொறுப்பைத் தன் கைக்கு எடுத்துக்கொள்வது என்றார் டீச்சர். எனக்குப் புளியறை செக்போஸ்ட் பக்கம் உம்மா நடத்திய பரோட்டாக் கடை ஞாபகம் வந்தது.

வாப்பா சவுதியில் இருந்த ஆறு வருஷமும், லாரிக்காரர்களை அதட்டி, மாஸ்டரை விரட்டி, உம்மாதான் அதை நடத்தினாள். ஊர் திரும்பிய மறுநாளே வாப்பா கடையில் வந்து உட்கார்ந்தார்.

“இனி நான் பாத்துக்கிடுதேன். நீ வீட்டுக்குப் போ.”

உம்மா சால்னாக் கரண்டியை வைத்துவிட்டு இறங்கி நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

“ஏன் உம்மா ஒண்ணும் சொல்லாம வாறிய?”

“அவுக கடதானட்டி. பேசாம வா.” குரல் உடைந்திருந்தது.

“ஒரு வாக்கியம் சொல்லுங்க,” என்றார் டீச்சர். வாப்பா உம்மாவின் கடையை டேக் ஓவர் பண்ணினார் என்று இங்கிலீஷில் சொன்னேன்.

“வெரி குட். ஒரு தப்பும் இல்லை.”

எரிச்சலில் போனை அணைத்துவிட்டேன்.