குவாரிக்குப் பிறகு வந்த கோடை

ஆடைத் தொழிற்சாலையில் அவளை இஸ்திரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாள் முழுக்க நீராவியில் நின்று சட்டை தேய்ப்பவள். "பெட்டி சூடு பத்தலைன்னா சொல்லுங்கடி, என் வாயைக் கிட்ட வைக்கிறேன்" என்று கூடத்தையே சிரிக்க வைத்தவள். போன கோடை விடுமுறையில், ஒன்பதாவது முடித்திருந்த அவள் மகன் கைவிடப்பட்ட கல்குவாரித் தண்ணீரில் மூழ்கிப் போனான். அதோடு அவள் வாய் அடங்கிவிட்டது.

புருஷன் இல்லாத வீடு. அவள் வேலைக்குப் போயிருந்தாள், பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது, வெயில் மண்டையைப் பிளந்தது. பிள்ளைகள் வேறெங்கே போவார்கள்? கூடப் போன, அதே வகுப்புச் சிநேகிதன் நெட்டையன் மட்டும் கரையேறினான். "அவன் கூப்பிடலைன்னா எம்புள்ள போயிருக்கவே மாட்டான்" என்று தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள்.

மகள் ஏழாவது. அண்ணன் போனபின் வகுப்பில் வாயே திறப்பதில்லை; கணக்கில் கடைசி. அடுத்த விடுமுறை வந்ததும் அவளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, அம்மா வேலைக்குப் போனாள். சாயங்காலம் வந்து திறந்தால், பிள்ளை வியர்வையில் தொப்பலாக நனைந்து சுவரோரம் சுருண்டு கிடக்கும்.

கேள்விப்பட்டுக் கணக்கு டீச்சர் வீட்டுக்கே வந்தாள்.

"கோடை வகுப்பு ஆரம்பிச்சிருக்கோம்க்கா. அனுப்பி வைங்க. விட்டுப்போன பாடத்தைப் பிடிச்சிரலாம். நீங்க வர்ற வரைக்கும் எங்க கண்ணு முன்னாடி இருப்பா."

"இதைப் போன வருஷமே ஆரம்பிச்சிருக்கக் கூடாதா, டீச்சர்?"

ஆனாலும் மறுநாள் மகள் போனாள்.

வகுப்பில் கூட்டமில்லை. ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்திலும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க டீச்சருக்கு நேரமிருந்தது. ஒருநாள் சாப்பிடும்போது மகள் தானாகவே வாய் திறந்தாள். "அம்மா, பின்னக் கணக்கு இப்போ வருதும்மா."

"டீச்சர் சொல்லிக் கொடுத்தாங்களா?"

"டீச்சரும்... நெட்டையன் அண்ணனும்."

அம்மா சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தாள்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் நேரே பள்ளிக்கூடம் போனாள். கடைசி பெஞ்சில் நெட்டையன். அறைய ஓங்கிய கையை டீச்சர் பிடித்துக்கொண்டாள். "அன்னியிலேர்ந்து இவன் பள்ளிக்கூடம் பக்கமே வரலைக்கா. இப்போதான் இந்த வகுப்புக்கு வர ஆரம்பிச்சிருக்கான். இதையும் விட்டா இவன் படிப்பு அவ்வளவுதான்."

நெட்டையன் எழுந்து நின்றான். மீசை அப்போதுதான் முளைக்கத் தொடங்கியிருந்தது.

"கையைப் பிடிச்சேன் அத்தை. வழுக்கிடுச்சு."

அவள் பெஞ்சில் சரிந்து உட்கார்ந்து, சாவு வீட்டில்கூட அழாத அழுகையை அழுதாள். பிள்ளைகள் என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகள்தான் வந்து முதுகைத் தடவிவிட்டாள்.

நெட்டையனை அவள் மன்னித்தாள் என்று சொல்வதற்கில்லை. அவனை வரவேண்டாம் என்று சொல்லவுமில்லை. பள்ளி திறந்தபோது அவன் பத்தாவதில் உட்கார்ந்தான். மகள் கணக்கில் தேறியிருந்தாள். சாயங்காலங்களில் மகளைக் கூட்டிப்போக வரும்போது, அவன் முகத்தைப் பாராமல் ஒரே வார்த்தைதான் சொல்வாள்.

"நேரா வீட்டுக்குப் போடா."

அவன் தெருமுனை திரும்பும்வரை அங்கேயே நிற்பாள்.