ஷீட்டில் வந்த குமிழி

மலேசியாவில் பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் எனக்கு ஸ்டோர் வேலை. ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றி உறைய வைத்து, ஷீட்டாகத் தட்டி எடுப்பேன். என் மனைவி மரம் வெட்டினாள், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தாள். எங்களுக்கு மேலே, ஆபீஸ் கணக்கும் ஆள் கணக்கும் பார்க்கிற ஒரு சின்னக் கிராணி. எல்லாம் தெரிந்தவர் மாதிரி பேசுவார், எதிர்க் கேள்வி கேட்டால் கத்துவார். அந்த ஆளை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான் வருகிறது.

வெயிலில் பால் வண்டியிலேயே கட்டிப்போய்விட்டதென்று தோட்ட மேனேஜர் துரை ஒருநாள் அவரைத் திட்டித் தீர்த்தார். பால் கட்டாமல் இருக்க, காலையில் வாளிகளில் சோடா உப்பைக் கரைத்த சோடாத் தண்ணீர் கொஞ்சம் விடுவது கிராணியின் வழக்கம். மறுநாளிலிருந்து மனிதருக்குக் கை ரொம்பத் தாராளமாகிவிட்டது. ஸ்டோரில் நான் ஆசிட் ஊற்றியதும் பால் பொங்கியது. ஷீட்டெல்லாம் ஆப்பம் மாதிரி குமிழி.

முதலில் வாளிமேல் பழி போட்டார். துத்தநாக வாளியில் ஆசிட் சொட்டினால் பொரிந்து காற்றுக் கிளம்பும். அதைத் துரைக்குக் காட்டிப் பீற்றிக்கொண்டார். எனாமல் வாளி வந்தது, குமிழி போகவில்லை. அடுத்து என் மனைவிமேல் பாய்ந்தார்.

"ஒன் வாளியிலதான் பால் ஜாஸ்தி. பழைய சோத்துத் தண்ணிய ஊத்துற. அதான் புளிச்சு நுரைக்குது."

"இல்லீங்கய்யா" என்று அழுதாள். மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியமும் செய்தாள்.

"கற்பூரத்த யாரு வேணா அணைக்கலாம். நாளைலருந்து ஒனக்கு வேலை இல்ல."

திருட்டுப் பட்டத்தோடு போனால் எந்தத் தோட்டத்திலும் சேர்க்கமாட்டார்கள். மத்தியானம் ஆபீசுக்குக் கெஞ்சப் போனேன். தின்றது செரிக்காமல், கிராணி கிளாசில் சமையல் சோடாவைப் போட்டு எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தார். புஸ்ஸென்று நுரை பொங்கி மேசையில் வழிந்தது. கிளாசைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. அப்பாடா, இவள் தப்பித்தாள் என்று நினைத்தேன்.

மறுநாள் வாளிகளில் சோடாத் தண்ணீர் பேருக்குத்தான் விழுந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் என் மனைவியின் பெயரை அவர் கூப்பிடவில்லை.

அந்த வாரமே துரை ஸ்டோருக்கு வந்து, ஒரு ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கே" என்றார்.

"அந்தப் பொம்பளைய நிறுத்துனதிலருந்து ஒரு குமிழி இல்லீங்க, தொரை" என்றார் கிராணி, என் முன்னாலேயே.

துரை அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். துரை படியிறங்கிப் போகும்வரை கைகட்டி நின்ற கிராணி, பிறகு என் பக்கம் திரும்பி ஒரு பெரிய ஏப்பம் விட்டார்.