ஆட்டுக் கத்தி என்று சொன்னேன்

வேட்டைக்குப் போகிறவனுக்குக் கத்தி தீட்டத் தெரியாது என்றால் சிரிப்பார்கள். எனக்குத் தெரியாது. வன்னியில் காட்டுப் பன்றி வெட்டிய என் இரண்டு கத்திகளும் மழுங்கிக் கிடந்தன. சனிக்கிழமை மறுபடியும் போவதாகக் கூட்டாளிமார் சொல்லிவிட, தெல்லிப்பழையிலிருந்து மோட்டார் சைக்கிளில் யாழ்ப்பாணம் டவுனுக்குப் போனேன்.

அங்கே நானா என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒரு முஸ்லிம் பெரியவர் சாணை பிடிப்பார். தொண்ணூறாம் ஆண்டு மற்ற முஸ்லிம்களோடு யாழ்ப்பாணத்திலிருந்து விரட்டப்பட்டு, புத்தளத்தில் கிடந்து, வயதுபோன பிறகு திரும்பி வந்தவர். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நாலு நாள்தான் இருந்தது. ஆடு மாடு அறுத்துக் குர்பான் கொடுக்கிற வீடுகளின் கத்திகள் அவருடைய வாங்குப் பலகையில் வரிசையாகக் கிடந்தன.

என் கத்திகளைத் தொடாமலே கேட்டார்.

“குறை நினையாதேங்கோ தம்பி. உது என்ன வெட்டுற கத்தி?”

“ஆடு, நானா.”

நாக்கில் சனி! பன்றி என்றால் திருப்பி அனுப்பிவிடுவார், இந்த வெயிலில் வந்தது வீணாகிவிடும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம். அவர் உடனே நம்பினார். சாணைக்கல்லைச் சுழற்றி, விரலால் கூர் பார்த்துப் பார்த்துத் தீட்டினார். தந்த பிளேன்ரீயையும் குடித்தேன், வெட்கங்கெட்டவன். நான் புறப்படும்போது, அதே கல்லில் அடுத்த கத்தியை வைத்தார். அது குர்பான் கத்தி. பன்றி பட்ட எதுவும் அதில் படக்கூடாது என்பது எனக்குத் தெரியாததா?

பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடையாது என்பார்கள். அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. மனைவி கேட்டாள், சொன்னேன்.

“இப்பவே போய்ச் சொல்லுங்கோ. நாளைக்கெண்டால் உங்களுக்கு வாய் வராது.”

என்னை நன்றாக அறிந்தவள். அப்படியிருந்தும் நான் போனது மறுநாள் பின்னேரம். வாங்கு வெறுமையாக இருந்தது. எல்லாக் கத்திகளும் வீடுகளுக்குப் போய்விட்டன.

ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னேன். முகத்தைக் காட்ட எனக்குத் துணிவில்லை. ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எவ்வளவோ நல்லது. அவர் கண்ணை மூடி, எந்தெந்த வீடு என்று விரல் விட்டு எண்ணினார். பிறகு சைக்கிளை எடுத்தார்.

“நானும் வாறன், நானா. நானே சொல்லுறன்.”

“வேண்டாம். அவையளுக்கு நான்தான் பதில் சொல்லவேணும். ஒவ்வொண்டையும் வாங்கி மண் போட்டுக் கழுவி, புதுக்கல்லிலை தீட்டிக் குடுக்கவேணும்.”

காலால் வாங்குக்கு அடியில் இருந்த சாக்கை விலக்கினார். உள்ளே இன்னொரு சாணைக்கல் இருந்தது.

“பண்டிக் கத்தி கொண்டு வாற ஆக்கள் கனபேர், தம்பி. அதுக்கெண்டு இந்தக் கல்லைப் புறம்பா வைச்சிருக்கிறன். அதுக்குத்தானே கேட்டனான்.”

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முதல் வீட்டுக்குப் போனார்.